பழைய இ46 கூபேயைத் தினசரி ஓட்டும் காராக்குவது: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கூபே தேடுகிறவர்கள் சீக்கிரமே பி.எம்.டபிள்யூ இ46-இல் வந்து நிற்பார்கள். 1999-இல் வந்து 2006 வரை தயாரான கூபே அது. 325சிஐ, 330சிஐ இரண்டிலும் இருப்பது எம்54 என்னும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இந்த வழிகாட்டி அவற்றுக்கானது. நாலு சிலிண்டர் 318சிஐக்கும் பாதி பொருந்தும்.

வாங்கியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வேலையின் வரிசை. முதல் மாதமே புது அலாய் வீல், தாழ்த்தும் ஸ்பிரிங், சத்தமான சைலன்சர் என்று பணம் போய்விடும். மூன்றாவது மாதம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஆவி பறக்க வண்டி நிற்கும். தினமும் வேலைக்குப் போக வேண்டிய காருக்கு என் வரிசை இது: முதலில் சூடு, பிறகு எண்ணெய், பிறகு பிரேக், பிறகு புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர்), கடைசியில் அழகு.

1. வாங்கும் முன்: பதிவு எண்ணை வைத்தே பாதி தெரியும்

பதிவு எண்ணைக் கொண்டு அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சோதனையின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா இல்லையா என்பதை விட, ஒவ்வோர் ஆண்டும் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். "பிரேக் குழாயில் துரு" என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால், பழைய உரிமையாளர் அதைத் தொடவே இல்லை என்று பொருள். மைல் கணக்கு ஏறுமுகமாகவே போகிறதா என்பதையும் அங்கேயே சரிபார்க்கலாம்.

லண்டனுக்குள் ஓட்டப்போகிறீர்கள் என்றால், அதிகம் புகை விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலத்தில் உங்கள் கார் தேறுமா என்று பார்ப்பது கட்டாயம். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது எல்லா லண்டன் பரோக்களுக்கும் பொருந்தும். தேறாத காருக்கு ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. பெட்ரோல் காருக்கு யூரோ 4 புகைத் தரம் வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் சில தேறும், சில தேறாது. விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், பதிவு எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். அப்படியே பழைய கடன் பாக்கி ஏதும் வண்டிமேல் இருக்கிறதா என்ற சோதனைக்கும் சில பவுண்டு செலவழியுங்கள்.

2. வாங்கும் முன்: வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது

இ46-இன் உண்மையான பயம் எஞ்சின் இல்லை. பின் சப்ஃபிரேம், அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம், உடலோடு சேரும் தகடுதான். நான்கு இடத்தில் போல்ட் ஏறும். அந்த நான்கைச் சுற்றியும் டார்ச் அடித்து, பெயிண்டில் மயிரிழை வெடிப்பு, ஸ்பாட் வெல்டு விட்ட அடையாளம், துருக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப வருட வண்டிகளில் இது அதிகம். ஆனால் பிந்தியது என்று பார்க்காமல் விடவும் முடியாது. முதல் கியரில் கிளட்சை விடும்போது பின்னாலிருந்து "டொக்" என்று கேட்டால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சரிசெய்ய முடியும், ஆனால் பின்பாகம் முழுவதையும் கழற்றி வெல்டிங் செய்யும் வேலை. வண்டி விலையையே தொட்டுவிடும்.

அடிப்பகுதிக்குப் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு அடித்த வண்டி என்றால் நான் திரும்பி நடந்துவிடுவேன். எதை மறைக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை நமக்கு எதற்கு?

அடுத்தது துரு. ஜாக்கி வைக்கும் இடங்களில் உள்ள பிளாஸ்டிக் கட்டைகள் சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே உள்ள தகடு உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். பின் வீல் ஆர்ச் ஓரம், முன் விங்கின் கீழ்ப்பகுதி இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். வீங்கியிருந்தால் உள்ளே துருதான்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வருமுன்னே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். எண்ணெய் மூடிக்குள் வெள்ளையாகக் குழம்பு போல ஒட்டியிருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் எம்54-இல் ஈரம் தங்கி அப்படி ஆவது வழக்கம். கூலண்ட் குறைகிறதா, புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

3. ஸ்பானர் எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாங்கும் விலையில் பாதியளவு பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் விலை குறைந்த வண்டியாகப் பாருங்கள், அல்லது காத்திருங்கள். வேலை நடக்கும் வாரங்களில் வேலைக்குப் போக வேறு வழியும் வேண்டும். ஒரே வண்டியை ஞாயிறு மாலை கழற்றித் திங்கள் காலை ஓட்ட நினைப்பவர்கள்தான் அவசரத்தில் போல்ட் முறிப்பார்கள்.

கருவிகளில் நல்ல ஜாக்கி, இரண்டு ஜோடி ஆக்ஸில் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் மூன்றும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. எண்ணெய் ஃபில்டர் மூடிக்கு 36 மி.மீ. சாக்கெட், பிரேக் காலிப்பருக்கு 7 மி.மீ. ஆலன் பிட். இந்த 7 மி.மீ. சாதாரண செட்டுகளில் வராது. டிஸ்க் மாற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதற்காகக் கடை திறக்கும்வரை காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

உதிரிப்பாகத்தை வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணின் கடைசி 7 இலக்கங்களைக் கொடுத்தே தேடுங்கள். இந்தக் காரில் மாடல் ஆண்டு மட்டும் போதாது, தயாரித்த மாதத்தைப் பொறுத்தே பாகம் மாறும்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான விலை குறைந்த ஓ.பி.டி. கருவி எஞ்சின் கோளாறை மட்டும் படிக்கும். ஏர்பேக், ஏ.பி.எஸ். இரண்டையும் படிக்க பி.எம்.டபிள்யூவுக்கென்றே உள்ள கருவியோ மென்பொருளோ வேண்டும்.

4. கூலிங் சிஸ்டம்: முதல் வேலை, முழு வேலை

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். எம்54-இன் எஞ்சின் பிளாக் அலுமினியம். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் போல்ட் பிடிக்கும் மரை பிளாக்கிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும். அதன்பின் செலவழிப்பதில் அர்த்தமில்லை. அப்படியிருக்க, இந்த எஞ்சினைக் காக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க், ரேடியேட்டரின் பக்கச் சட்டங்கள், தெர்மோஸ்டாட் கூடு எல்லாமே பிளாஸ்டிக். இருபது வருடம் சூடும் குளிரும் பட்ட பிளாஸ்டிக் கசிந்து எச்சரிக்காது, ஒருநாள் பிளந்துவிடும்.

டாஷ்போர்டு முள்ளை நம்புவதுதான் புதியவர்களின் பெரிய தவறு. "அண்ணை, முள்ளு நடுவிலதானே நிண்டது" என்று போனில் சொன்ன பையனின் வண்டியில் அதற்குள் ஹெட் போயிருந்தது. இந்தக் காரில் ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 115 டிகிரிவரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முள் நகர்கிறது என்றால் ஏற்கெனவே தாமதம். ஓ.பி.டி. கருவியில் உண்மையான வெப்பத்தைப் பார்த்துப் பழகுங்கள். சாதாரண ஓட்டத்தில் 90-களில் இருக்கும். தெர்மோஸ்டாட் 97 டிகிரி வகை என்பதால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒவ்வொன்றாக உடைய உடைய மாற்றாதீர்கள். ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட்கள், டென்ஷனர், ஐட்லர் உருளை எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கூலண்டை இறக்கி, முன்பக்கத்தைக் கழற்றும் அதே வேலைதான். பாகத்தின் விலையை விட இந்த உழைப்புதான் பெரிது.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பெல்ட்டால் சுழலும் விசிறி உள்ள வண்டியில் அதன் 32 மி.மீ. நட்டு எதிர்ப்பக்க மரை. வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். வாட்டர் பம்ப் வராவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். பம்பின் விளிம்பில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் இரண்டு எம்6 போல்ட்களை மாறி மாறி முறுக்கினால் பம்ப் தானே நேராக வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் கோணலாகிச் சிக்கிக்கொள்ளும்.

ஹோஸ்களைப் பொருத்தும்போது ரப்பர் வளையத்தில் கொஞ்சம் கூலண்ட் தடவி, "கிளிக்" என்று கேட்கும்வரை அழுத்தி, பிறகு ஒருமுறை பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதி பூட்டிய ஹோஸ் ஓட்டத்தில்தான் கழலும்.

கூலண்ட் பி.எம்.டபிள்யூ நீல நிற வகை, பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர். குழாய் நீர் வேண்டாம், சுண்ணாம்பு படியும். நிரப்பும் முறைக்கு ஒரு காரணம் இருக்கிறது: இந்த எஞ்சினில் காற்று சிக்கினால் எஞ்சின் ஓடியே அதை வெளியேற்றாது. சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, எஞ்சின் ஓடாமல், ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் விசிறியைக் குறைந்த வேகத்துக்கும் வையுங்கள். அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறக்கும். டேங்க் மூடிக்குப் பக்கத்திலுள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதன்வழி குமிழி இல்லாத கூலண்ட் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ஸ்க்ரூவை மூடுங்கள். அது பிளாஸ்டிக், கையின் லேசான பலம் போதும். பித்தளை ஸ்க்ரூ போட்டு இறுக்கிப் புது டேங்கைப் பிளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச தூரம் ஓட்டி, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை மட்டத்தைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஐட்லிங்கில் ஹீட்டர் குளிர்காற்று விட்டால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. திரும்பவும் செய்யுங்கள்.

5. எண்ணெய்க் கசிவும் காற்றுக் கசிவும்

எண்ணெய் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட் கசிந்தால் எண்ணெய் நேராக பெல்ட் மேல் விழும். முன்பக்கம் எப்படியும் கழன்றிருக்கும்போதே, மேலே சொன்ன வேலையோடு இதையும் முடித்துவிடுங்கள். கேஸ்கெட் சில பவுண்டுதான்.

ஹீட்டர் காற்றில் எரிந்த எண்ணெய் வாடை வந்தால் வால்வ் கவர் கேஸ்கெட். எண்ணெய் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டுகிறது. கேஸ்கெட், பிளக் குழி வளையங்கள், போல்ட் ரப்பர்கள் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட்களுக்கு 10 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளியே. அதற்கு மேல் முறுக்கினால் கவர் வெடிக்கும். கவர் திறந்திருக்கும்போது, வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பின் சீல்களையும் மாற்றலாம். குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை இல்லை என்ற புகாருக்குப் பல நேரம் அதுதான் மருந்து.

அடுத்தது எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் வால்வ். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது எண்ணெய் மூடியைத் தூக்கிப் பாருங்கள். லேசான உறிஞ்சலும் ஐட்லிங் சற்றுத் தடுமாறுவதும் சரிதான். மூடியைப் பிடித்து இழுப்பதுபோல் பலமாக உறிஞ்சினால் உள்ளேயுள்ள ஜவ்வு கிழிந்துவிட்டது. எண்ணெய் குடிக்கிறது என்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் கராஜ்கள் உண்டு. அதற்கு முன் இதைப் பாருங்கள். குளிர்ப் பிரதேசத்துக்கென்று மேலுறை போட்ட குழாய்களோடு வரும் செட்டை வாங்குங்கள், உள்ளே ஈரம் உறையாது.

எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக்கில் பொருத்தியிருக்கும் டிசா வால்வையும் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டுங்கள். அதன் மடல் கடகடவென்று ஆடினால் உடனே மாற்ற வேண்டும். அதிலுள்ள சிறு உலோக ஊசி கழன்றால் போகும் இடம் எஞ்சினுக்குள்.

எண்ணெய் 6.5 லிட்டர், பி.எம்.டபிள்யூவின் எல்எல்-01 தரமுள்ள 5டபிள்யூ-30. ஃபில்டர் மூடிக்கும் சம்ப் போல்ட்டுக்கும் 25 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எண்ணெய் மாற்றும்போது ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, ஊற்றும் போல்ட் திறக்கவில்லை என்றால் வண்டியை நகர்த்தவும் முடியாது.

6. பிரேக்

காலிப்பர் இறுகியிருக்கிறதா என்று அறிய எளிய வழி: ஓட்டி முடித்ததும் நான்கு வீலுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பார்க்கவும். பின்பக்கம் பெட்ரோல் டேங்குக்கு மேலே போகும் பிரேக் குழாய்களில் துரு இருந்தால், அது நீங்களாகச் செய்யும் வேலை இல்லை. நல்ல கராஜில் கொடுங்கள்.

ஹேண்ட்பிரேக் தளர்ந்திருந்தால் எல்லாரும் கேபிளை இறுக்குவார்கள். இந்தக் காரில் பின் டிஸ்க்குக்குள்ளேயே சின்ன டிரம் பிரேக் இருக்கிறது. வீல் போல்ட் துளை வழியாக அதன் பல்சக்கரத்தை முதலில் சரிசெய்து, கேபிளைப் பிறகு தொட வேண்டும். வரிசை மாறினால் இரண்டு வாரத்தில் மறுபடி தளரும். பிரேக் எண்ணெய் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

7. புஷ், ஸ்பிரிங்

பிரேக் பிடிக்கும்போது 50, 60 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் பலர் டிஸ்க்கை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி முன் கண்ட்ரோல் ஆர்ம் புஷ். பின் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ் போனால் பின்பக்கம் அலைபாயும், டயரின் உட்புற விளிம்பு தேயும். பிரிட்டன் குளிருக்கும் உப்புக்கும் ஸ்பிரிங்குகள் உடைவது சகஜம். கடைசிச் சுற்றைக் கையால் தடவிப் பாருங்கள்.

புஷ் மாற்றும்போது மறக்கக் கூடாதது: அதன் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையில் நிற்கும் நிலையில்தான். வீல் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும். முன் புஷ்ஷைச் சோப்பு நீர் போட்டு ஏற்றுங்கள், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். ஏற்றியதும் அரை மணி நேரத்துக்குள் வண்டியைத் தரையில் இறக்கிவிடுங்கள். பின்பக்க ட்ரெய்லிங் ஆர்மின் பிராக்கெட்டைக் கழற்றும் முன் அது இருந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட், அதற்குப் பிறகே புது டயர். மாற்றி வாங்கினால் புது டயர்தான் தேயும்.

8. மின்சாரச் சில்லறைகள்

ஏர்பேக் விளக்கு எரிந்தால் எம்.ஓ.டி. தேறாது. பயணி இருக்கையின் உணர்வுப் பாய் கெட்டிருப்பது வழக்கமான காரணம். அந்தப் பக்கம் ஒயரைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். பேட்டரி டிக்கியின் வலப்பக்கம்.

விசிறி வேகம் தானாகக் கூடிக் குறைந்தால் பிளோயர் மோட்டாரை வாங்காதீர்கள், ரெசிஸ்டர் மட்டும் போதும்.

கூபே கதவுக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கதவைப் பிடித்து இழுக்காதீர்கள். பேட்டரி பலவீனமா, கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் உடைந்ததா என்று பாருங்கள்.

9. கடைசியில் அழகு

இரண்டு மூன்று மாதம் தொல்லையில்லாமல் ஓடிய பிறகு ஆசைப்பட்டதைச் செய்யுங்கள். தாழ்த்துவதாக இருந்தால் அளவாக. தினமும் வேகத்தடை தாண்டும் காரில் கடினமான சஸ்பென்ஷன் போட்டால் அதிர்வு முழுவதும் போய்ச் சேர்வது முன்பு சொன்ன அந்தச் சப்ஃபிரேம் தகட்டில்தான். எந்த மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாத அலாய் வீல் கூட, விபத்து வரும்போது இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

10. ஓட ஆரம்பித்த பிறகு

பெட்ரோல் போடும்போது, இரண்டு முறைக்கு ஒருமுறை எண்ணெய்க் கம்பியைப் பாருங்கள். எம்54 கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், அதுவும் 3 லிட்டர் எஞ்சின் இன்னும் கூட. டாஷ்போர்டு கணினி காட்டும் சர்வீஸ் இடைவெளி நீளமானது. பழைய எஞ்சினுக்கு 7,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதே என் வழக்கம்.

டிக்கியில் ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு லிட்டர் கலந்த கூலண்ட், 17 மி.மீ. வீல் சாக்கெட் இருக்கட்டும். வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். பூட்டு வகை வீல் போல்ட் உள்ள வண்டி என்றால் அதன் சாவியைப் பழைய உரிமையாளரிடம் வாங்கும் அன்றே கேட்டு வாங்கி, ஒருமுறை போட்டுக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். உதவிக்கு வரும் லாரிக்காரரிடம் அந்தச் சாவி இருக்காது.